பேர் சொன்னதும் எழுந்தவள்

நஞ்சப்பன் வீட்டில் பிள்ளைகள் வருவதற்கு முன்பே பிள்ளைகளின் அறை வந்துவிட்டது. சாந்தாமணிக்கு இதில் தொடக்கத்திலிருந்தே மனசில்லை. காங்கயம் பக்கத்தில் அவள் பிறந்த ஊரில் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தொட்டில் வாங்க மாட்டார்கள், சட்டை தைக்க மாட்டார்கள். பிறந்த பிறகு யாருடைய பழைய வேட்டியையாவது கிழித்துத்தான் முதல் துணி. வெறும் தொட்டிலைக் கண்டால் வேறேதாவது வந்து படுத்துக்கொள்ளும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் தத்து ஏஜென்சியிலிருந்து, அமெரிக்காவில் அவர்கள் குடியிருந்த எடிசனுக்கு வீடு பார்க்க வந்த வெள்ளைக்கார அம்மாள் கையில் ஒரு பட்டியல் இருந்தது. கட்டில் இரண்டு, ஜன்னலுக்குத் தாழ், புகை வந்தால் கத்தும் கருவி, அலமாரியில் அளவுக்கேற்ற துணி. எல்லாம் இருந்தால்தான் கையெழுத்து.

"ஏனுங், வந்தப்பறம் வாங்கிக்கறோம்னு சொல்லிப் பாருங்களேன்."

"அவிங்க ரூல் அது சாந்தா. ரூம் இல்லைன்னா புள்ளை இல்லை."

நஞ்சப்பனுக்கு மருந்துக் கம்பெனி ஒன்றில் தராசுகளையும் வெப்பமானிகளையும் சரிபார்க்கும் வேலை. பதினாறு வருஷமாக அதே வேலை. எந்தக் கருவியையும் மூன்று முறை சோதிக்காமல் நம்ப மாட்டார். மாடியில் அந்த அறைக்கு மஞ்சள் வர்ணம் அடித்தபோதும் மூன்று பூச்சு அடித்தார்.

பிள்ளைகள் இருந்தது ஒரிசாவில். ஜமுனாவுக்கு ஆறு வயது, தங்கை மாலதிக்கு நாலு. கடலோரத்துக் கிராமம் ஒன்றில் முப்பது பெண் பிள்ளைகளை வைத்து விடுதி நடத்திக்கொண்டிருந்தவர் பர்வதம் என்ற அறுபது வயது அம்மாள், கரக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழ்க்காரி. தொண்ணூற்றொன்பது பிப்ரவரியில் சாந்தாமணி மட்டும் போய் ஆறு நாள் தங்கினாள். நஞ்சப்பனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆறு நாளும் இரண்டு பேருக்கும் தலையில் எண்ணெய் வைத்துக் குழாயடியில் நிறுத்திக் குளிப்பாட்டினாள். திரும்பி வந்ததும் அறையைப் படம் பிடித்து ஓர் ஆல்பமும், சிவப்பு ஸ்வெட்டர் இரண்டும் பார்சலில் அனுப்பினாள். பெரிய ஸ்வெட்டரில் ஒரு பொத்தான் குறைந்தது. வீட்டிலிருந்த கறுப்புப் பொத்தானை வைத்துத் தைத்தாள். டிசம்பரில் விசா என்றார்கள்.

அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி புயல் வந்தது.

சாந்தாமணி ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு குஜராத்திக்காரரின் மளிகைக் கடையில் காய்கறி பொறுக்கிக் கட்டும் வேலை பார்த்தாள். ஃப்ளோரிடாவிலிருந்து வந்த வெண்டைக்காய்ப் பெட்டியைப் பிரித்து, சந்தேகப்பட்ட காயை மட்டும் நுனி ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் டீவியின் சத்தத்தைக் கூட்டினார். தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. மரம் எது, மாடு எது என்று தெரியாமல் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. கடைக்காரர் திரும்பிப் பார்த்தபோது அவள் பெட்டியிலிருந்த எல்லாக் காயையும் ஒடித்து முடித்திருந்தாள். அந்தப் பெட்டியை அப்படியே அவளிடம் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொன்னார்.

இரண்டு நாள் விடுதிக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். மணியே அடிக்கவில்லை. எடுத்துக் காதில் வைத்தால் பெரிய வெட்டவெளியில் நிற்பது போல ஓர் இரைச்சல் மட்டும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நஞ்சப்பன் குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு, செல்லாண்டியம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"பூக் கேட்டர்றேன்" என்றார்.

ஊரில் கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, எதுவானாலும் கோயிலில் பூக் கேட்டுத்தான் செய்வார்கள். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலுமாக மடித்துப் போட்டு, விவரம் தெரியாத பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம், சிவப்பென்றால் ஆகாது. இங்கே அரளி ஏது? சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய வெள்ளைச் சாமந்தியையும் சிவப்பு ரோஜாவையும் காகிதத் துண்டில் மடித்து வைத்தார். எடுப்பதற்குப் பக்கத்து வீட்டு வான்மதியின் மகள் ரோஷினி வந்தாள். அன்றைக்கு ஹாலோவீன், பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கும் நாள். வெள்ளைப் போர்வையில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை போட்டு மாட்டியிருந்தாள்.

"அக்கா, அஞ்சு நிமிஷம்தான். இன்னும் இருபது வீடு கவர் பண்ணணும்னு என் உயிரை எடுக்கறா" என்றாள் வான்மதி. "அங்கிள் சொல்றதை எடுடி. சாமிகிட்ட போறப்பவாச்சும் அந்தப் போர்வையைக் கழட்டு."

"நோ" என்றது போர்வை.

"இருக்கட்டும் உடுங்க" என்றார் நஞ்சப்பன். "கண்ணு, ரெண்டுல ஒண்ணு எடு சாமி."

போர்வைக்குள்ளிருந்து சின்னக் கை நீண்டு ஒரு மடிப்பை எடுத்தது. நஞ்சப்பன் பிரித்தார். வெள்ளை. நெற்றி தரையில் படும்படி விழுந்து கும்பிட்டார். முதுகு குலுங்கியது. சாந்தாமணி ரோஷினியின் பைக்குள் கை நிறையச் சாக்லேட்டைப் போட்டாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது ரோஷினி மாடிப்படியைப் பார்த்து, "ஆர் தே நாட் கமிங்?" என்று கேட்டாள்.

"யாரு கண்ணு?"

"தி கேர்ல்ஸ்" என்று சொல்லி மேலே கை காட்டினாள்.

வான்மதி சிரித்து மழுப்பினாள். "போன வாரம் அந்த ரூம்ல போட்டோ பாத்தா இல்லக்கா, அதைச் சொல்றா. வாடி."

கதவை மூடிய பிறகும் சாந்தாமணி கொஞ்ச நேரம் படியடியிலேயே நின்றாள்.

அன்றோடு நஞ்சப்பன் போன் செய்வதை நிறுத்திவிட்டார். கேட்டதையே திருப்பிக் கேட்பது ஊரில் பெரிய குற்றம். அம்மன் வாக்குக் கொடுத்த பிறகு இன்னோர் ஆளிடம் விசாரித்தால் கொடுத்த வாக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்பார்கள். சாந்தாமணி ஒருமுறை போனை எடுத்தபோது, அவர் கோபப்படாமல் அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி வைத்தார்.

"நீ கேட்டுக் கெடுத்தர்றாத சாந்தா."

அந்த வார்த்தைக்கு அவள் பயந்துவிட்டாள். மூன்று மாசம் பயந்தாள்.

குளிர் ஏறியது. தினமும் வேலை முடிந்து வந்ததும் நஞ்சப்பன் மாடிக்குப் போய் அந்த அறையின் ஹீட்டரைத் தொட்டுப் பார்ப்பார், படுக்கை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிடுவார். இரவு ரசம் சாதம் சாப்பிடும்போது, "சின்னது காரம் திங்காது, மொளகு கொறச்சுப் போட்டுப் பழகு" என்பார். சில நாள் அவள் அடுப்படியில் தனியாக இருக்கும்போது படியில் மூன்றாவது பலகை முனகும். ஆள் மிதித்தால் முனகும் பலகை அது. எட்டிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். "ஹீட்டர் ஓடுனா மரம் உப்பும், அணைஞ்சா சுருங்கும், அதுதான்" என்றார் நஞ்சப்பன். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் படுக்கை விரிப்பில் தினமும் நீவிவிடுகிற அளவுக்குச் சுருக்கம் எப்படி வந்தது என்று அவரை அவள் கேட்கவில்லை.

டிசம்பர் நடுவில் ஏஜென்சியிலிருந்து தடித்த கவர் ஒன்று வந்தது. அதை அவர் பிரிக்கவே இல்லை. பிரித்துப் படிப்பதும் கேட்பது மாதிரிதான் என்று அம்மன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். பொங்கலும் வந்து போயிற்று.

ஜனவரி கடைசி வாரத்தில் பனி கொட்டியது. கடை இல்லை, கம்பெனி இல்லை. நஞ்சப்பன் வெளியே கார் பாதையில் பனி வாரிக்கொண்டிருந்தார். படத்தைத் துடைக்கப் போன சாந்தாமணியின் கையில் கவர் வந்தது. துடைத்து வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். கை பிரித்துவிட்டது.

உள்ளே ஒரு படிவமும் ஒரு போட்டோவும் இருந்தன. புயலில் விடுதியின் காகிதங்கள் எல்லாம் போய்விட்டன. படத்தில் இருப்பவர்கள் உங்களுக்கென்று குறித்த பிள்ளைகள்தான் என்று இருவரும் கையெழுத்திட்டு ஜனவரி முப்பத்தொன்றுக்குள் அனுப்பினால் புதுக் காகிதம் தயாராகும் என்றிருந்தது. படத்தில் மொட்டைத் தலையோடு இரண்டு பெண் பிள்ளைகள். சிவப்பு ஸ்வெட்டர். பெரியவளின் ஸ்வெட்டரில் கறுப்புப் பொத்தான்.

நஞ்சப்பன் பூட்ஸைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அவள் போட்டோவை நீட்டினாள்.

"யாருங்க இவிங்க?"

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஜமுனா, மாலதி. பின்னால எழுதியிருக்குதே."

"மொகத்தப் பாருங்க."

"மொட்டை போட்டா மொகம் மாறாதா? சோறு தண்ணியில்லாமக் கெடந்த புள்ளைங்க. பொத்தானப் பாரு, நீ தெச்சதுதானே?"

"பொத்தான் நா தெச்சதுதானுங். புள்ளை நா குளிப்பாட்டுன புள்ளை இல்லீங்."

"ஆறு நாள் பாத்தவ நீ."

"ஆறு நாள் போதாதுங்களா? நீங்க தராசையே மூணு வாட்டி பாக்கறவரு."

"இதுல பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல." அவர் போட்டோவை மேஜையில் கவிழ்த்து வைத்தார். "பூக் குடுத்தாச்சு. வருவாங்க."

அதற்குமேல் பேச அவருடைய முகம் இடம் கொடுக்கவில்லை. மறுபடி வெளியே போய், வாரி முடித்த பாதையையே வாரிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனதும், படிவத்தில் இருந்த புது எண்ணுக்குப் போன் போட்டாள். கட்டாக்கில் ஒரு நிவாரண முகாம். ஆளைக் கூப்பிட்டு வரப் பத்து நிமிஷம் ஆனது. லைனில் அவள் சொல்வதெல்லாம் ஒரு நொடி கழித்து அவள் காதுக்கே திரும்பி வந்தது.

"அம்மா, நா சாந்தாமணிங்."

*சாந்தாமணிங்* என்றது போன்.

"நீ கூப்பிடுவேன்னு தெரியும்" என்றார் பர்வதம். "ஆனா ஏம்மா மூணு மாசம்?"

"அவரு பூக் கேட்டுட்டாருங். அதுக்கப்பறம் இன்னொருத்தரக் கேக்கக் கூடாதுன்னு..."

"நவம்பர்ல ஒரு போன் பண்ணியிருந்தீங்கன்னா உள்ளதைச் சொல்லியிருப்பேன், சாந்தா. யாரும் கேக்கலை. அரசாங்கத்துல வந்தவன், ஏஜென்சியில வந்தவன், எல்லாரும் பேரை மட்டும் கேட்டாங்க. பேருக்கு ஆள் இருந்தது."

"சொல்லுங்கம்மா."

"பள்ளிக்கூட மொட்டை மாடியில மூணு நாள் இருந்தோம். எங்க பிள்ளைங்க, ஊர்க்காரங்க, யார் யாரோ. தண்ணியில வந்த ரெண்டு பொண்ணுங்களை மேல இழுத்துப் போட்டாங்க. அதுங்களும் அக்கா தங்கச்சி. அப்பா அம்மா குடிசையோட போயிட்டாங்க. ஜமுனாதான் ஸ்வெட்டரைக் கழட்டி அந்தப் பெரியவளுக்குப் போட்டா. தங்கச்சியோடதையும் கழட்டிக் குடுக்க வெச்சா. நான் திட்டினேன். எங்களுக்கு அமெரிக்காவுல நிறைய இருக்குன்னா."

சாந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூணு நாளும் அதுங்ககிட்ட உங்க வீட்டைப் பத்தியே சொல்லிக்கிட்டிருந்தா. எறங்கின பிறகு வாந்தி, பேதி. மாலதி முதல்ல. மறுநாள் காலையில ஜமுனா. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால மேட்டுல நானே வெச்சேன்."

"பால் ஊத்துனீங்களாம்மா?"

"பாலா? குடிக்கத் தண்ணியே இல்லைம்மா."

லைனில் சாந்தாமணியின் அழுகை போய்விட்டு அவள் காதுக்கே திரும்பி வந்தது.

"ரிஜிஸ்டர் போயிடுச்சு" என்று பர்வதம் தொடர்ந்தார். "மனப்பாடமா இருந்ததை வெச்சு மைதானத்துல பேர் கூப்பிட்டேன். வாய் பழக்கத்துல ஜமுனான்னு கூப்பிட்டுட்டேன். புதைச்ச கைதான், ஆனா வாய்க்குத் தெரியலை. அந்தப் பெரிய பொண்ணு எழுந்து நின்னா. தங்கச்சி கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நான் சொல்லிக் குடுக்கலை, சத்தியமா."

"அவிங்க சொந்தப் பேரு என்னங்க?"

"எத்தனையோ தடவை கேட்டுட்டேன். சொல்ல மாட்டேங்கிறா. ஜமுனான்னு கூப்பிட்டாத்தான் சோத்துத் தட்டை எடுக்கிறா. நேத்து சின்னவளுக்குச் சொல்லிக்கிட்டிருந்தா, அங்க மூணாவது படியில கால் வெக்காதே, அது முனகும்னு. அப்படியாம்மா இருக்கு உங்க வீட்டுல?"

சாந்தாமணி மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள். ஆல்பத்தில் படியின் படம் இருந்தது. சத்தம் இருக்க வழியில்லை. பிப்ரவரியில் ஜமுனாவிடம் சொன்னோமா என்று யோசித்தாள். எண்ணெய் தேய்த்துக்கொண்டே என்னென்னவோ சொன்னாள்தான். இதைச் சொன்னதாக நினைவில்லை.

"நா கையெழுத்துப் போடலைன்னா அவிங்க என்ன ஆவாங்க?"

"லிஸ்ட்ல இல்லாத பிள்ளைங்க. ஹோமுக்கு அனுப்புவாங்க, இடம் இருக்கிற எடத்துக்கு. ரெண்டையும் ஒரே எடத்துக்குன்னு சொல்ல முடியாது. புதுசா நீங்க அப்ளை பண்ணலாம். பண்ணினா?"

பண்ணினால் மூன்று வருஷம். புருஷன் பெண்டாட்டி வயதைக் கூட்டினால் தொண்ணூறைத் தாண்டக் கூடாது என்பது ஏஜென்சியின் விதி. அவர்களுக்கு இப்போதே எண்பத்தெட்டு.

"நீ போடலைன்னாலும் எனக்குக் கோபமில்லை" என்றார் பர்வதம். "அந்தப் பொண்ணு இங்க கதவுகிட்டதான் நிக்குது. குடுக்கட்டுமா?"

"வேண்டாங்கம்மா" என்றாள் சாந்தாமணி. "இன்னைக்கு வேண்டாம்."

போனை வைத்த பிறகு நாள் முழுக்க அவள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கடைக்குப் போகவில்லை. பால் ஊற்ற வேண்டும். அது ஒன்றுதான் தெளிவாக இருந்தது. ஆனால் பால் ஊற்றுவதென்றால் பேர் சொல்லி ஊற்ற வேண்டும். அந்தப் பேரில் இப்போது ஒருத்தி எழுந்து நிற்கிறாள். உயிரோடு இருப்பவள் பேரைச் சொல்லிப் பால் தெளிப்பதா? தெளிக்காமல் விட்டால் அந்த இரண்டு பேரும் எங்கே போவார்கள்? மாடியில் மஞ்சள் அறைக் கதவு காற்றில்லாமலே லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதைச் சாத்தவில்லை.

பொழுது சாயும் நேரத்துக்கு நஞ்சப்பன் வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கோட்டைக் கழற்றாமல் நின்றார்.

"போன் பண்ணீட்டயா?"

"பண்ணீட்டனுங்."

"எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம் சாந்தா."

"சொல்லலீங். பால் மட்டும் ஊத்தோணும்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திரும்பி, பனி வாரும் மட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். அவள் பாலைக் காய்ச்சினாள். ஜன்னல் வழியே பார்த்தபோது அவர் பின்வாசலிலிருந்து வேலியோரத்து மேப்பிள் மரம் வரைக்கும் ஒற்றையடிப் பாதை ஒன்றை நேராக வெட்டிக்கொண்டு போயிருந்தார். மரத்தடியில் மட்டும் பனியைத் தொடவில்லை.

அவள் சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"ஒண்ணா ஊத்தாத. ரெண்டு டம்ளர் கொண்டா."

அவள் அவரைப் பார்த்தாள்.

"சின்னது குளுரு தாங்காது" என்றார். "அதுக்கு மொதல்ல ஊத்து."

போட்டோவைக் கவிழ்த்து வைத்த அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவள் போய் டம்ளர்களை எடுத்து வந்தாள்.

ஊற்றும்போது யாரும் பேர் சொல்லவில்லை. சூடான பால் பனியில் விழுந்த இடம் ஆவியோடு உள்வாங்கிக்கொண்டே போய், அடியில் கறுப்பு மண் தெரிந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழிகள். ஒன்று கொஞ்சம் சின்னது. குனிந்து பார்த்தால் இரண்டு பேர் பனிக்கடியில் நிமிர்ந்து நின்று வாயைத் திறந்து வைத்திருப்பது போலிருந்தது. ஊற்றிய பால் எல்லாம் இறங்கிவிட்டது, ஒரு சொட்டு வெளியே நிற்கவில்லை. சொம்பில் மிச்சமிருந்ததையும் ஊற்றினாள். அதுவும் இறங்கியது.

"போதும் வா" என்றார் நஞ்சப்பன்.

உள்ளே வந்ததும் அவர் நேராக மேஜைக்குப் போய்ப் பேனாவை எடுத்தார்.

"தீட்டோட போடாதீங்க" என்றாள் அவள். "குளிச்சுப்போட்டு வந்து போடுங்க. வர்ற புள்ளைங்களுக்குப் போடற கையெழுத்து."

அவர் குளித்துவிட்டு வந்தார். பிறகு அவளும் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தாள். ஈரத் தலையோடு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பிள்ளைகளின் பேரைக் கையால் எழுத வேண்டிய இடத்தில் அவர் வழக்கம்போல ஒவ்வோர் எழுத்தாகத் தனித்தனியே எழுதினார். ஜமுனா என்று எழுதி முடிக்கையில் அவர் முன்மயிரிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அதன் மேலேயே விழுந்தது. மை கலைந்து பரவியது. அவர் பதறித் துணியைத் தேடினார். அழித்து வேறு எழுதட்டுமா என்றார்.

சாந்தாமணி படிவத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அந்தப் பேரைப் பார்த்தாள். பிறகு உதட்டை அசைத்து, கூப்பிடுகிற மாதிரி, ஒருமுறை படித்தாள்.

"படிக்க வருதுங்க" என்றாள். "அடுத்தத எழுதுங்க."